சத்தியத்துக்கு ஒரு தகரச் சட்டை

என் அண்ணி தொமித்தில்லாவின் முழங்காலை எங்கள் பேட்டையில் பார்க்காத ஆண்பிள்ளை கிடையாது. ஆனால் அவள் சித்தியையும் ஒரு சாமியாரையும் விட்டால், அது அவளுடைய முழங்கால்தான் என்று பேட்டைக்குள் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே. என் சொந்த அண்ணனுக்கே தெரியாது. அவனுக்குத் தெரியவந்த அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவள் பிறந்தது ஆற்றங்கரையில், தோல் பதனிடுகிற தெருவில். அந்தத் தெருப் பெண்களை எங்கள் பக்கத்தில் யாரும் கட்ட மாட்டார்கள். எத்தனை முறை குளித்தாலும் நாற்றம் போகாது என்பார்கள். அப்பன் செத்ததும் ஒரு சித்தி அவளை எங்கள் ரோமாபுரியின் ஸ்பெயின் சதுக்கத்துப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்போது அவளுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தப் படிக்கட்டு ஒரு சந்தை. அங்கே விற்பது மனுஷ உடம்பு. வெளிநாட்டு ஓவியர்களும் உள்ளூர்ச் சிற்பிகளும் காலையில் வந்து, பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல ஆளைத் தட்டிப் பார்த்துக் கூட்டிப் போவார்கள். மாதாவாக உட்காருகிறவள் இரவல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இடுப்பு வரை வெள்ளைத் தாடி வைத்திருந்த ஒரு கிழவன் பரமபிதாவாக உட்காருவான். சாயங்காலமானால் அந்தப் பரமபிதா குடித்துவிட்டு அதே படிக்கட்டில் வாந்தியெடுத்துக் கிடப்பான். மறுநாள் அவனைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், ஏதாவது ஒரு கோயில் கூரையில் மேகத்தின்மேல் ஏற்றி வைப்பார்கள். நாமெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவோம்.

தொமித்தில்லா முதலில் முகத்துக்கும் கைக்கும்தான் உட்கார்ந்தாள். புரோஸ்பெரோ என்கிற சிற்பி வந்து அவள் முழங்கையைக் கறிக்கடையில் அமுக்குவதுபோல அமுக்கிப் பார்த்தான். “முழுசா நிக்கிறியா?” என்றான். கூலி கூட. சித்தி சரியென்று தலையாட்டிவிட்டாள். தொமித்தில்லா ஆட்டவில்லை.

அது செத்துப்போன ஒரு பிரபுவின் கல்லறைக்கான வேலை. லான்சேல்லி என்று குடும்பப் பெயர். உயிரோடு இருந்தபோது ஊரை ஏய்த்த மனுஷன். அதனால்தானோ என்னவோ, அவன் கல்லறைக்கு மேலே ‘சத்தியம்’ நிற்க வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டான். சத்தியத்துக்கு மறைக்க எதுவும் கிடையாது, அதனால் அது துணி கட்டாது. இப்படி ஒரு நியாயத்தைப் படித்தவர்கள் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நீதி, தர்மம், சத்தியம் எல்லாம் பெண்களாம், ஒன்றுக்கும் ரவிக்கை இல்லையாம். பொய்யும் கஞ்சத்தனமும் மட்டும் கிழவிகளாம். அவர்களுக்கு முக்காடு உண்டு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணமாகி வந்த பிறகு துணி துவைக்கிற தொட்டியடியில் அவளே சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். துணியைக் கல்லில் அறைந்துகொண்டே சொல்வாள்.

“அந்த எடம் ஈரக் களிமண் வாடை எர்சீலியா. அடுப்பு ஒண்ணு இருக்கும், ஆனா அது களிமண் காயாம இருக்கத் தூரத்துலதான் இருக்கும். எனக்கில்ல. இரும்புக் கவராயம் ஒண்ணு வச்சிருப்பான். அத வச்சு இங்க இருந்து இங்கன்னு அளப்பான். அந்த இரும்பு முனை படும்போதெல்லாம் பல்லி ஓடுற மாதிரி இருக்கும். ‘இடுப்பு பரவாயில்ல, முழங்கால் பட்டிக்காட்டு முழங்கால், என்ன செய்யுறது’ன்னு சொல்லுவான். என்கிட்ட இல்ல. அங்க நிக்கிறவங்ககிட்ட.”

“யாரு நின்னா?”

“யாரு நிக்கல!”

களிமண் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பெரிய மனிதர்கள் வருவார்களாம். அவள் நிற்காத நாளில் ஒருவரும் வருவதில்லை. பிரபுவின் மகன் வருவான். மூக்குப்பொடி போடும் வெளிநாட்டுத் துரைகள் வருவார்கள். ஊதாப் பட்டுக் காலுறை போட்ட ஒரு பெரிய சாமியாரும் வருவார். நாற்காலியை அடுப்போரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, வாயில் சோம்பு மிட்டாயை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். களிமண் அவருக்கு இடப்பக்கம். அவர் கழுத்து ஒரு நாளும் இடப்பக்கம் திரும்பியதில்லை.

“ஒரு நாளு எனக்கு அழுகை வந்துடுச்சு. அவரு கிட்ட வந்து, ‘வெக்கப்படாத மகளே. இது கண்ணுக்கு விருந்தில்ல, ஆன்மாவுக்கு விருந்து’ன்னாரு. மிட்டாய் எச்சில் ஒதட்டோரமா வழிஞ்சுது. ஆன்மாவுக்கு எச்சில் ஊறுமான்னு எனக்குத் தெரியல எர்சீலியா.”

அதோடு முடியவில்லை. கால்களுக்கு அச்செடுக்க வேண்டும் என்று பன்றிக் கொழுப்பைத் தடவி, மேலே சுண்ணச்சாந்தை அப்பினான் அந்தச் சிற்பி. சாந்து இறுகும்போது சூடேறும். பிறகு கோழியை உரிப்பதுபோல உரித்து எடுத்தான். ரோமமெல்லாம் வேரோடு வந்துவிட்டது. அவள் கத்தியபோது, “நல்லதுதான். தேவதைகளுக்கு முடி கிடையாது” என்று சிரித்தானாம். இரத்தம் பொட்டுப்பொட்டாக நின்ற தோலின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

கடைசியில் பளிங்கில் செதுக்கியபோது அவள் வயிற்றில் இருந்த தழும்பைக் காணோம். சிறுவயதில் பதனிடும் தொட்டிச் சுண்ணாம்பு தெறித்து வெந்த தழும்பு அது. தலையும் அவளுடையது இல்லை. “உன் மூக்கு சந்தை மூக்கு. சத்தியத்துக்கு ஆகாது” என்று சொல்லி, ஏதோ பழைய கிரேக்கச் சிலையிலிருந்து அளவுகோல் போன்ற மூக்கோடு ஒரு தலையை எடுத்து ஒட்டிவிட்டான். மூக்கு ஆகாதாம். மற்றதெல்லாம் ஆகுமாம்.

அந்தக் கல்லறை வந்து நின்றது வேறெங்கும் இல்லை, எங்கள் பங்குக் கோயிலில்தான். வலப்பக்கத்துச் சிற்றாலயத்தில். தூபம் போட்டு, பாட்டுப்பூசை வைத்து, தீர்த்தம் தெளித்துத் திறந்தார்கள். அதே வருஷம் பாஸ்குத் திருநாளுக்கு முந்தின தபசுகாலத்தில் தொமித்தில்லா தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அவளும் சித்தியும் அப்போது எங்கள் பேட்டைக்குக் குடிவந்திருந்தார்கள். எவுசேபியோ சாமியார் சல்லடைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். வாயில் பூண்டு வாடை.

“சிற்பிக்கு நின்னேன் சாமி. அந்தச் சத்தியம் செலைக்கு.”

“துணியோடயா?”

“இல்ல சாமி.”

“நின்னுக்கிட்டா, படுத்துக்கிட்டா?”

“அத எதுக்கு சாமி கேக்குறீங்க?”

“பாவத்தோட அளவு தெரிய வேணாமா? கைய எங்க வச்சிருந்த? வெளக்கு எந்தப் பக்கம்?”

அவள் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டாள். பாவமன்னிப்பு இல்லை என்றுவிட்டார். மன்னிப்பு இல்லையென்றால் பாஸ்குவுக்கு நன்மை என்கிற அப்பத்தை வாங்க முடியாது. எங்கள் ஊரில் பாஸ்கு நன்மை வாங்காதவர்களின் பெயரைக் கோடையில் கோயில் கதவில் ஒட்டிவிடுவார்கள். போப்பாண்டவரே ராஜாவாக இருந்த காலம் அது. கதவுக்கு வெளியே அவள் பெயர் ஒட்டியிருந்தது, போகிறவன் வருகிறவனெல்லாம் அதன்மேல் துப்பினான். கதவுக்கு உள்ளே அவள் உடம்பு நின்றது, அதற்கு மெழுகுவர்த்தி எரிந்தது.

என் அண்ணன் ஒரேஸ்தே தகர வேலைக்காரன். சட்டி பானைக்கு ஈயம் பூசுவான், விளக்கு செய்வான், கோயில் கூரைக்குத் தகடு அடிப்பான். அவளைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்துப் பிரியப்பட்டான். அந்தப் பெயர் ஒட்டியிருந்த வாரம் அம்மா அவனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

“இந்தா பாரு, உன் மகாராணி பேரு!”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா. எவன் பேரோ, யாரு கண்டா?”

அப்படிப்பட்டவன்தான் அவன். ஊரையே எதிர்த்துக் கட்டினான். படிக்கட்டில் உட்கார்ந்தவள் என்பது அவனுக்குத் தெரியும். மாதா முகத்துக்கு உட்கார்ந்தாள் என்று நினைத்துக்கொண்டான். அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் இனிமேல் உட்கார மாட்டேன் என்று சாமியார் எழுதின தாளில் கைநாட்டு வைத்தாள். அதன் பிறகுதான் எவுசேபியோ சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். அதற்கு என்ன தபசு விதித்தார் தெரியுமா? லான்சேல்லி சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும். அந்தச் சிலைக்கு முன்னால். நான் துணைக்குப் போனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே முழுவதும் சொன்னாள். வெளியே வந்து கோயில் சுவரோரமாகக் குனிந்து வாந்தியெடுத்தாள். பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று கிழவிகள் கண்ணைச் சிமிட்டினார்கள்.

சிலைக்குப் பேர் பரவியது. மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை கவுதென்சியோவுக்கு அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அந்த மனுஷனுக்கு எப்போதும் சளி. நீளக் குச்சியின் நுனியில் மெழுகுவர்த்தியைச் செருகி, வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப் போய், முகத்தில் வெளிச்சம் காட்டாமல் மற்ற இடத்தில் காட்டுவான். “கொஞ்சம் இப்படி வாங்க துரை. இங்க இருந்து பாத்தாத்தான் நெழல் விழும்.” காசு வாங்கிக்கொண்டு, தான் வெளியே நின்று சளியைச் சிந்துவான். நாளாக ஆகப் பளிங்கின் சில இடங்கள் மட்டும் மஞ்சளாகிப் பளபளத்தன. சுற்றியுள்ள இடமெல்லாம் வெள்ளையாகத் தூசி படிந்து கிடக்க, கைபட்ட இடம் மட்டும் எண்ணெய் தடவினதுபோல் மின்னும். எந்தெந்த இடம் என்று சொல்ல என் வாய் கூசுகிறது. ஆள் இல்லாத நேரத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறார்கள். பெஞ்சில் செருப்புச் சேறு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்து பூசை கேட்போம்.

பிறகு ஒரு நாள் சாமியாராகப் படிக்கிற குருமடத்து மாணவன் ஒருவனை அந்தச் சிலையோடு சேர்த்துப் பிடித்தார்கள். பெரிய குடும்பத்துப் பிள்ளை. பையனைச் சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பினார்கள். குற்றம் முழுவதும் சிலைமேல் விழுந்தது. அது துணியில்லாமல் நிற்பதால்தானே பிள்ளை கெட்டான்? மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சத்தியத்துக்கு உடுத்த வேண்டும். தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தகரத்தில் ஒரு சட்டை. பளிங்கு மாதிரியே வெள்ளைப் பூச்சு. கோயில் தகர வேலையெல்லாம் யாருக்குப் போகும்? என் அண்ணனுக்குத்தான்.

அளவெடுத்துவிட்டு வந்த அன்று அவன் மகா உற்சாகத்தில் இருந்தான். நல்ல வேலை கிடைத்ததென்று கூட்டாளிகளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். மீன் விற்கிற நஸ்ஸரேனோவும் வேறு இரண்டொருவரும் வந்திருந்தார்கள். தொமித்தில்லா குடல் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லுப்பா, எப்படி இருந்தா புதுப் பொண்டாட்டி?” என்றான் நஸ்ஸரேனோ.

அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு மீசையைத் துடைத்தான். “காலையில இருந்து அவ இடுப்புல கயிறு சுத்திக்கிட்டு இருந்தேன். சட்டைக்கு அச்சு வேணும்ல? ஈரக் காகிதத்த மேல ஒட்டிக் கையால அமுக்கி அமுக்கி எடுத்தேன். ஒரு வார்த்தை பேசலியே மகராசி! பொம்பளைன்னா அப்படி இருக்கணும்.”

சிரிப்பில் மேசையே குலுங்கியது. ஒருவன் இருமினான். இன்னொருவன், “எல்லா எடத்துலயும் அமுக்குனியா?” என்று கேட்டான். “கூலி வாங்குறேன்ல, வேலை சுத்தமா இருக்க வேணாமா?” என்று என் அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டபடியே நின்றாள். வாயைத் திறக்காதே அண்ணி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் சட்டியை அடுப்பில் திரும்ப வைத்தாள். வந்து அண்ணன் உட்கார்ந்திருந்த பெஞ்சின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள்.

“பாருய்யா. நாலு வருஷமா ஒரே கட்டில்ல படுக்குற. கயிறு போட்டு அளந்தியே, இந்த முழங்கால் தெரியலையா உனக்கு?”

 அண்ணன் வாயில் ரொட்டி அப்படியே இருந்தது. அப்போது அந்த நஸ்ஸரேனோ, மீன் செதில் ஒட்டின கையை மேசையில் ஊன்றி, நன்றாகத் தெரிவதற்காகக் குனிந்தான். குனிந்து பார்த்துவிட்டு, “அட, ஆமாப்பா, அதேதான்” என்றான்.

அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். அதிர்ச்சி இல்லை, இரக்கம் இல்லை. கடைத்தெருவில் தெரிந்த சரக்கைப் பார்த்தவன் குரல்.

தொமித்தில்லா பாவாடையை இறக்கினாள். “எழுந்திரிங்க எல்லாரும். வெளிய போங்க” என்றாள். போனார்கள். அண்ணனும் அவர்களோடு எழுந்தான், பிறகு எங்கே போவதென்று தெரியாமல் கதவடியிலேயே நின்றான். அவள் குடல் குழம்பை அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். தெருநாய்கள் சண்டை போட்டுத் தின்றன.

 அன்றிலிருந்து அண்ணன் பட்டறையிலேயே படுத்தான். அவளை அடிப்பானோ என்று நான் பயந்தேன். அடிக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை, “உனக்குத் தெரியுமா?” என்றான். “தெரியும்” என்றேன். “ஊரே பாத்துடுச்சேடி” என்றான். “ஊரு பாத்தது கல்ல. நீ என்ன பாத்தன்னு யோசி அண்ணே” என்றேன். அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டான். வேலையை விட முடியாது, கோயில் வேலையைப் பாதியில் விட்டவனுக்கு வேறு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான். அடி ஒவ்வொன்றும் தெருக்கோடி வரை கேட்டது.

சட்டை முன்பாதி பின்பாதி என்று இரண்டு துண்டாகத் தயாரானதும், பொருந்துகிறதா என்று பார்க்கக் கோயிலுக்கு எடுத்துப் போனான். அன்று பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். பிரபுவின் மகன் தொப்பை வைத்திருந்தான். அந்த ஊதாக் காலுறைச் சாமியாரும் வந்திருந்தார், கிழடாகி, இன்னும் மிட்டாயை உருட்டிக்கொண்டு. சத்தியத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ள வந்தார்களாம். அவர்கள் பேசுவதை அண்ணன் ஏணியின்மேல் நின்று கேட்டான், என்னிடம் பிற்பாடுதான் சொன்னான். இடுப்பைப் பற்றி, தொடையைப் பற்றி. “முழங்கால் மட்டும் பட்டிக்காடு. எனக்கு அந்தப் பொண்ணு நல்லா ஞாபகம் இருக்கு. தோல் பதனிடுற நாத்தம் வரும். ஆனா பாக்கிறதுக்கு மூக்கு எதுக்கு?” என்று சாமியார் சொன்னார். அவர்கள் சிரித்த சிரிப்பு என் அண்ணனுக்குப் பழகின சிரிப்பாக இருந்தது. தன் மேசையில் கேட்ட அதே சிரிப்பு.

பிறகு சாமியார் அவனைக் கீழே கூப்பிட்டார். “ஏம்ப்பா, இந்தப் பக்கம் ஒரு கீல் வச்சிரு. அந்தப் பக்கம் சின்னதா ஒரு பூட்டு. ஜனங்களுக்கு மூடியிருக்கணும். ஆனா கலை தெரிஞ்சவங்க தூர தேசத்துல இருந்து வருவாங்க. அவங்க ஏமாந்து போகக் கூடாது பாரு. சாவி கவுதென்சியோகிட்ட இருக்கட்டும்.”

கவுதென்சியோ மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். கண்ணில் அப்போதே காசு தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணன் தொட்டியில் கையைக் கழுவினான். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினான். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினான். தொமித்தில்லா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கீல் வைக்கணுமாம் தில்லா. தெறந்து மூடுறதுக்கு” என்றான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் வந்து அந்தச் சாம்பல் தண்ணீரைத் தெருவில் கொட்டினாள். பிறகு, “கீலு வையி. அவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி வையி. அப்புறம் ஈயத்தக் காச்சி எடுத்துக்கிட்டு வா. நானும் வரேன்” என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஊரில் கோயில்பூனைகூடத் தூங்கும். கவுதென்சியோ ஒயினைக் குடித்துவிட்டு, குறட்டை வாசல்வரை கேட்க, சாமான் அறையில் கிடந்தான். நாங்கள் மூவரும் போனோம். கடைசிப் பூச்சு வேலை என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். நான் கரிச் சட்டியையும் ஈயத்தையும் சுமந்தேன். தொமித்தில்லா ஒரு வாளியில் காடித் தண்ணீரும் கந்தல் துணியும் எடுத்து வந்தாள். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவள் ஏணியில் ஏறினாள். கல்யாணத்துக்கு முந்தின அந்த ஜெபமாலைக்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டாதவள். நானும் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். கைரேகை ரேகையாக அழுக்கு. மூக்குப்பொடித் துகள் ஒட்டின கறை. மெழுகு சொட்டி உறைந்த பொட்டுகள். இடுப்புக்குப் பின்னால் யாரோ ஆணியால் தன் பெயரெழுத்தைக் கீறியிருந்தான். ஒரு இடத்தில் உதடு வைத்த தடம், எண்ணெய்ப் பிசுக்காக. 

தொமித்தில்லா முகம் சுளிக்கவில்லை. துணியைக் காடித் தண்ணீரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். கழுத்திலிருந்து கால்வரை, செத்தவளைக் குளிப்பாட்டுவதுபோல, அக்குள், விரல் இடுக்கு என்று ஒன்றும் விடாமல் துடைத்தாள். வாளித் தண்ணீர் கறுத்துவிட்டது. அண்ணன் துணியை வாங்கக் கை நீட்டினான். “நீ தொடாதே” என்றாள்.

துடைத்து முடித்ததும் அவன் சட்டையின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மாட்டினான். பளிங்கில் ஏற்கெனவே துளை போட்டு வைத்திருந்தான். கீலுக்குள்ளும் பூட்டின் நாக்கைச் சுற்றியும் கழுத்தோரத் துளைகளிலும் அவள்தான் ஈயத்தை ஊற்றினாள்.  ஈயம் உள்ளே ஓடி, கல்லைக் கவ்வி, சுறுசுறுவென்று புகைந்து இறுகியது. இனி அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் கல்லை உடைக்க வேண்டும். அந்த நாற்றமும் புகையும் கோயில் முழுக்கச் சூழ்ந்தன. எனக்கு அது தூபத்தைவிட நல்ல வாசனையாக இருந்தது.

எத்தனை நாள் கழித்து அது வெளிப்பட்டது என்று நினைவில்லை. ஏதோ ஒரு நாட்டு இளவரசன் வந்தானாம். கவுதென்சியோ சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறான், சாவி முறிந்துவிட்டது. என் அண்ணனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கோயில் பொருளைச் சேதப்படுத்தினான் என்று குற்றம். அவன் அண்ணியின் பெயரைச் சொல்லவேயில்லை. “கீல் ஆடிச்சு, சத்தம் வரக் கூடாதேன்னு ஈயம் ஊத்துனேன்” என்றே சாதித்தான். கோடை முழுக்க உள்ளே கிடந்து, எலும்பும் தோலுமாக, பேனோடு வந்தான். நஸ்ஸரேனோ எங்கள் பேட்டை முழுக்க முழங்கால் கதையைச் சொல்லிவிட்டிருந்தான். அவள் தெருவில் நடந்தால் பையன்கள் தகரத்தைத் தட்டினார்கள். கோயில் வேலையும் போய்விட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் திவோலி ஊருக்குப் போனோம். அங்கே சட்டிக்கு ஈயம் பூசிப் பிழைத்தோம். அவர்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

அவனை அவள் மன்னித்தாளா என்று கேட்பீர்கள். காய்ச்சலில் கிடந்தபோது கவனித்தாள், சட்டையைத் தைத்துப் போட்டாள், சந்தையில் அவனோடு சிரித்துப் பேசினாள். ஆனால் ஒரு முறை அவன் பெருமையாக, “நான் உனக்காகச் சிறைக்கே போனவன்டி” என்றபோது, “போன, இல்லன்னு சொல்லல. ஆனா நீயும் சிரிச்ச” என்றாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆட்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை.

வருஷங்கள் போய், போப்பாண்டவரின் ராஜ்யமும் போய், ஊருக்குப் புது அரசாங்கம் வந்தது. அண்ணன் இறந்துவிட்டிருந்தான். ஒரு கல்யாணச் சாமான் வாங்க நானும் அண்ணியும் ரோமாபுரிக்குப் போயிருந்தோம். எங்கள் பழைய கோயிலில் ஒரே கூட்டம். கொடி, மேளம். என்னவென்றால், சத்தியத்தை விடுதலை செய்கிறார்களாம். சாமியார்களின் இருண்ட காலம் போட்ட தகர விலங்கை உடைத்து எறிகிறார்களாம். தாடி வைத்த ஒரு படிப்பாளி மேடையேறி, சுதந்திரம் என்றார், முன்னேற்றம் என்றார், அழகுக்கு வெட்கம் கிடையாது என்றார். கொல்லர்கள் ரம்பத்தால் அறுத்துத் தகரத்தைப் பிய்த்து எடுத்தார்கள். கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். யாரும் அந்தக் கிரேக்க மூக்கைப் பார்க்கவில்லை.

ஈயம் கவ்வின இடமெல்லாம் கழுத்திலும் விலாவிலும் கல் பெயர்ந்து கறுப்பாக இருந்தது. படிப்பாளிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “எந்தக் காட்டுமிராண்டி செஞ்சது இது?” என்று கத்தினார். பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்து, அவள் முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்ததால் என்ன நினைத்தாரோ, “வெக்கப்படாதீங்கம்மா. இது பெண்மையோட தூய வடிவம். நல்லா பாருங்க” என்றார்.

“பாத்துட்டேன்யா. அந்த ஈயத்த ஊத்துனது நான்தான். அங்க நிக்கிறதும் நான்தான்” என்றாள் தொமித்தில்லா.

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். இடுப்பு பெருத்து, கன்னம் தொங்கி, பிள்ளை பெற்றுக் களைத்த பெண். பிறகு சிலையைப் பார்த்தார்கள். பிறகு அவளை மறுபடி மேலும் கீழும் பார்த்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். “பாவம், கெழவிக்கு வெயில் ஒத்துக்கல” என்றார் படிப்பாளி. யாரோ அவளுக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்கள்.

அவள் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே வந்தாள்.  தண்ணீர்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

“கெழவியாம்ல. எனக்கு இன்னும் அம்பதே ஆகல” என்றாள். பிறகு, “வா, ஜமுக்காளக் கடை மூடிடப் போறான்” என்று முன்னால் நடந்தாள்.